இறக்கிவிட்ட கைலி

தோட்டத்துப் பாதையில் முதலாளி தேவநேசன் வந்தால், வேலையாட்கள் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது மரியாதை. பூவலிங்கத்தின் கைலி இறங்கும்போது அவனுடைய கெண்டைக்காலில் இருக்கும் குண்டுத் தழும்பும் மறைந்துவிடும். அவன் காலையே பார்த்துக்கொண்டு வரும் தேவநேசனுக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

போன பலாக் காலத்தில், ஒரு மத்தியானம் பங்களாச் சுவரேறிக் குதித்தவன் அவன். "வெட்டுக்கத்தியோடு எனக்கு எதிரே பாய்ந்து வந்தான். உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்று தேவநேசன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். கத்தி இருந்தது உண்மைதான். அதில் பலாப்பால் ஒட்டியிருந்தது.

"லைசென்ஸ் வாங்குறதே இதுக்குத்தானே சார்" என்றார் இன்ஸ்பெக்டர். குண்டு காலின் பின்பக்கம் பாய்ந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பூவலிங்கமும் சொல்லவில்லை.

இன்று பூவலிங்கம் தலையில் ஏலக்காய் மூட்டையோடு தேவநேசனுக்கு முன்னால் நொண்டி நடந்துகொண்டிருந்தான். கைலி முழங்காலுக்கு மேல் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்டு நின்றான். இரண்டு கைகளும் மூட்டையைப் பிடித்திருந்ததால் கைலியை இறக்க வழியில்லை. ஒரு கணம் தவித்துவிட்டு, தழும்பு தெரியாதபடி மூட்டையோடு அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நீங்க போங்கய்யா. நான் நிக்கிறேன்."

தேவநேசன் தலையை நிமிர்த்தினார். எதிரே வந்ததாக எழுதிக் கொடுத்த முகத்தை, அவர் இப்போதுதான் முதல்முறையாக எதிரே பார்த்தார்.