ஆஸ்பத்திரி ரூட்

"இந்த மாசமும் எனக்கு ஆஸ்பத்திரி ரூட்டா சார்?"

"ஆமா" என்றார் டைம்கீப்பர்.

"மத்தவங்களுக்கெல்லாம் மாசா மாசம் மாறுதே?"

"உனக்கு மாறாது. வண்டிய எடும்மா, நேரமாச்சு."

அவ்வளவுதான் பேச்சு. பஸ் டிப்போவில் அவருக்கு 'சிடுமூஞ்சி' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

ஆஸ்பத்திரி ரூட் என்றாலே டிரைவர்கள் காத தூரம் ஓடுவார்கள். ஓட்டை வண்டி, குண்டும் குழியுமான சாலை, நடுவழியில் யாராவது வாந்தி எடுப்பார்கள். அதனால் யார் தலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் கட்டுவதில்லை. அவள் தலையில் மட்டும் நிரந்தரமாகக் கட்டியிருந்தார் சிடுமூஞ்சி.

காரணம் என்ன, ஊருக்கே தெரிந்ததுதான். அவ்வளவு பெரிய டிப்போவில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண் அவள் ஒருத்திதான்.

மற்ற டிரைவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவள் ஓய்வறைக்குள் நுழைந்தால் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும். ஒருவர் எழுந்து நாற்காலி தருவார், இன்னொருவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வெளியே வேலை வந்துவிடும். டிரைவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப் உண்டு. ஜோக்கெல்லாம் வருகிற குரூப்பில் அவள் கிடையாது.

அதனால் சாப்பாட்டு டப்பாவைத் தன் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கொண்டு போய்விடுவாள். தனியாகச் சாப்பிடச் சில நாள் பிடிக்காது. பசிக்குச் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும், விழுங்கி வைப்பாள்.

"வேலைய விட்டுட்டு வாடி" என்றாள் அக்கா, போனில். "வீம்புக்கு ஓட்டிட்டு இருக்கியா?"

"விடத்தான் போறேன்க்கா. மேனேஜரைப் பார்த்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு விடறேன்."

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிப்போனது.

"நீங்க இந்த டிப்போவோட பெருமைம்மா. உங்களுக்கா இப்படி? ஆம்பளை என்ன, பொம்பளை என்ன, எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். எந்த ரூட் வேணும், சொல்லுங்க."

"புது டவுன் ரூட் சார்."

"நாளைலேருந்து உங்களுக்குத்தான்."

வழுவழுவென்ற சாலை, புத்தம் புது வண்டி. அந்த ரூட்டுக்குத் தவம் கிடக்கிற டிரைவர்கள் எத்தனையோ பேர். டைம்கீப்பரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மேனேஜர் ஆர்டர் சார்."

பேனாவை எடுத்து ரூட்டை மாற்றி எழுதினார். அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

மறுநாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கடைசி ஸ்டாப் ஒரு பொட்டல் வெளி. ஒரு தகரக் கொட்டகை, ஒரு நீளமான மதில், வேறொன்றும் இல்லை.

"அஞ்சு நிமிஷம்க்கா" என்று கண்டக்டர் இறங்கி மதில் பக்கம் ஒதுங்கினான். பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவரும் அந்தப் பக்கமே போனார்.

அவளும் இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். ஒரு வீடு இல்லை, கடை இல்லை. கதவு வைத்த எதுவுமே கண்ணில் படவில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நடையில் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. அதற்கும் அடுத்த நடையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு சுண்டி இழுத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் நிறைய ஆட்கள், ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் கண்டக்டரிடமே சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "ஏம்ப்பா, மத்த ரூட்லயும் இப்படித்தானா? கடைசி ஸ்டாப்புல ஒரு பாத்ரூம்கூட இல்லாம?"

"எல்லா எடத்துலயும் செவுருதான்க்கா. ஆஸ்பத்திரில மட்டும்தான் கட்டி வெச்சிருக்கான், லேடீஸுக்குத் தனியா."

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டான். நடைக்கு நடை அந்த ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குப் போய்வந்தவள் அவள். மற்ற ரூட்டில் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஷிஃப்ட் முடிந்து டிப்போவுக்குள் வண்டியை விட்டதும் மேனேஜர் ரூம் பக்கத்தில் இருக்கும் பாத்ரூமுக்கு ஓடினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு டைம்கீப்பர் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி ரூட் போட்டுடட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"போடுங்க சார். ஏன் சார், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இதையெல்லாம் உங்கிட்ட எப்படிம்மா பேசறது? வாய் வரல. என்னைத் திட்டினாத் திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"எங்கிட்டதான் வேண்டாம், மேனேஜர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனுஷன், எங்கயாவது ரெண்டு கட்டிக் குடுத்திருப்பாரு."

டைம்கீப்பர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ சேர்ந்ததுலேருந்து மாசா மாசம் கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன். 'ஒரே ஒரு பொம்பளைக்காகக் கட்டச் சொல்றியா? கொஞ்சம் பொறுய்யா, தாங்க முடியாம அதுவே வேலைய விட்டுட்டுப் போயிடும்'ங்கறாரு."