சுண்ணாம்புக்கல்லில் விழுந்த நிழல்

"எல்லாப் படத்திலயும் நீர் நிக்கிறீர். அப்ப படம் எடுத்தது ஆர், தம்பி?"

பெண் பார்க்க வந்த இடத்தில் தேநீரும் வடையும் தருவார்கள் என்றுதான் கோபாலகிருஷ்ணன் நினைத்திருப்பான். விசாரணை நடக்கும் என்று யார் கண்டது? கேள்வி கேட்ட ஸ்ரீஸ்கந்தராஜா, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

1993 ஒக்டோபர், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு ஞாயிறு பின்னேரம். இந்தச் சம்பந்தம் அவருடைய மனைவி வசந்தமலர் எங்கேயோ விசாரித்துக் கொண்டுவந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர், கோலியர்ஸ் வுட்டில் சொந்த வீடு, குடி கிடையாது. ஒரே ஒரு குறை, கோடை வந்தால் பிரான்சுக்குப் போய் நடக்கிறானாம்.

அங்கேதான் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு இடித்தது. பிரான்சுக்குப் போகிற தமிழன் பாரிஸ் லாச்சப்பலில் தமிழ்க் கடையில் சாமான் வாங்குவான், லூர்து மாதாவைக் கும்பிடுவான், மிஞ்சினால் மச்சான் வீட்டில் இரண்டு நாள் சாப்பிடுவான். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்து நாள் சும்மா நடப்பானா? யாருக்குக் காது குத்துகிறான்? வரும்போது படங்களையும் கொண்டுவரச் சொல்லு என்று அவர் மனைவியிடம் சொன்னதே அதற்குத்தான்.

பாவம், கோபாலகிருஷ்ணன் இந்தக் கோடையில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் விளக்கினான். இது மேட்டுநிலம், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சுண்ணாம்புக்கல். இது பள்ளத்தாக்கு, இது லொட் ஆறு, முழங்கால் தண்ணீரில் நிற்பது அவன். நடக்கிறவர்கள் வழி தப்பாமலிருக்கக் கல்லிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்பும் பூசி வைத்திருப்பார்கள்.

கோயில் மதில் மாதிரியோ என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராஜா. சுண்ணாம்புக்கல் பார்க்கிறதற்கு ஒருவன் பிரான்சுக்குப் போக வேண்டுமா, யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் அதுதானே வருகிறது என்றும் கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

கமராவைக் கல்லில் வைத்து டைமர் போட்டு எடுத்ததாகச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"பொறும், வாறன்" என்று ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்தார். முத்திரை பார்க்கிற பூதக்கண்ணாடி எடுக்க மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

கோடைக்கு முன்னர் இதே படிகளில், ஒரு படிக்கு ஒரு முருகா என்று சொல்லி ஏறிய மனிதர் அவர். ஓகஸ்டில் வசந்தமலரும் மகள் சிவகௌரியும் கோச் பஸ்ஸில் லூர்துக்குப் போய் அவருடைய முழங்கால் வலிக்கு மாதாவின் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மாதா வடிவப் போத்தல் முடிந்துவிட்டதாம், சாதாரண பிளாஸ்டிக் போத்தலில்தான் வந்தது. தடவத் தடவ வலி பறந்தது. மாதாவுக்குச் சாமி அறையில் இடம் கொடுக்க முருகன் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் லூர்திலிருந்து தன் கணவனுக்கு மாதா வடிவப் போத்தலிலேயே கொண்டுவந்தவள். அந்த மனிதர் இன்னும் நொண்டுகிறார். வேதக்காரராயிருந்தும் அவருக்கு விசுவாசம் போதாது என்று ஸ்ரீஸ்கந்தராஜா ஹரோ ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

கீழே சிவகௌரி வடைத் தட்டை மாப்பிள்ளையின் பக்கம் நகர்த்தினாள். வசந்தமலர் முழங்கையில் தொங்கிய கைப்பையைத் திறந்து, ஒரு டிஷ்யூ எடுத்துத் தேநீர் மேசையைத் துடைத்தாள். சொந்த வீட்டுக்குள்ளும் கைப்பையைக் கழற்றாத மனுஷி அவள்.

பூதக்கண்ணாடி வந்தது. ஒவ்வொரு படமாகத் தேடி, ஏழாவது படத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா நிமிர்ந்தார். வெள்ளைக் கல்லில், கோபாலகிருஷ்ணனின் காலடி வரை ஒரு நிழல் நீண்டு கிடந்தது. நிழலின் முழங்கையில் ஏதோ தொங்கியது.

"டைமருக்கு நிழல் விழுமோ, தம்பி? இது பொம்பிளை. ஹான்ட்பாக்கோட நிக்கிறா ஒரு பிரெஞ்சு மேடம்."

கோபாலகிருஷ்ணன் கம்பளத்தைப் பார்த்தான். சிவகௌரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. பதினொரு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றவள், இவனுக்கு மட்டும் சரியென்றிருந்தாள். அப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தாள்.

"நடக்கிறவனுக்குக் குடுத்தாலும் குடுப்பன், பொய் சொல்லுறவனுக்கு என்ர பிள்ளையைத் தர ஏலாது. நீர் போகலாம்."

சிவகௌரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபாலகிருஷ்ணன் ஆல்பத்துக்குக் கை நீட்டினான். வாசலைக் காட்டுவதற்காகத் துள்ளி எழுந்த ஸ்ரீஸ்கந்தராஜா, தேநீர் மேசையின் மூலையில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டார். அதே முழங்கால்.

"இஞ்சாரும், மாதாவின்ர தண்ணியைக் கொண்டு வாரும்" என்று முனகியபடி கதிரையில் விழுந்தார்.

வசந்தமலர் சாமி அறைக்குப் போய்ப் போத்தலோடு வந்தாள். அதில் இன்னும் அரைவாசி இருந்தது. கணவனிடம் அதைக் கொடுக்காமல், கோபாலகிருஷ்ணனின் கையிலிருந்த ஆல்பத்தை வாங்கினாள். அவன் ஆற்றில் நிற்கிற பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். போத்தலை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைப்பையை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்தத் தண்ணி நான் அந்த ஆத்தில அள்ளினது."