பாதி வாடகைக்காரர்கள்

“நம்ம கட்டடத்துல நீங்க ஒருத்தர்தான் பாக்கி, வெண்டெல். கையெழுத்துப் போடுங்க. நாளன்னிக்கு வூஸ்டர் நகரசபையில குடுக்கணும்,” என்று பக்கத்து வீட்டு கொரின் மனுவை நீட்டினாள்.

“எதுக்கு?”

“பக்கத்து மனையில அரசாங்கக் கடன்ல வீடுங்க கட்டப்போறாங்க. முழு வாடகைக்காரங்களுக்கு நடுவுல, சம்பளம் கம்மின்னு பாதி வாடகைக்கும் ஆளுங்களை வைப்பாங்களாம். அதுங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமே. அதைக் கட்டவே கூடாதுன்னுதான் இந்த மனு.”

இந்தக் கட்டடமும் அப்படிப்பட்ட கடனில் எழுந்ததுதான். வெண்டெலும் பாதி வாடகைக்காரன்தான். நிர்வாக அலுவலகத்தைத் தவிர அது யாருக்கும் தெரியாது. மறுத்தால் இவளுக்குச் சந்தேகம் வரும். கையெழுத்துப் போட்டான்.

மறுநாள், பாதி வாடகை தொடர்வதற்கான வருடாந்திர வருமானச் சோதனைக்காகச் சம்பளச் சீட்டுகளோடு அந்த அலுவலகத்துக்குப் போனான். அங்கே கொரின் காத்திருந்தாள். அவள் மடியிலும் சம்பளச் சீட்டுகள்.

வெண்டெல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“முதல் ஆளா நானே கத்திட்டா, என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன்,” என்றாள் தரையைப் பார்த்தபடி.

“நானும் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

கொரின் பையிலிருந்து மனுவை எடுத்தாள். மற்ற பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள்.