கண்ணில் படாத கம்பி

சொந்த ஊருக்குப் போகும் குரங்கணி ஜீப்பில் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று பவித்ரா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மாயக்காள் விடவில்லை.

"மெட்ராசுல என்ன சோலி பாக்குறே, ஆத்தா?"

"மயிரிழையவிட மெல்லிசான வெள்ளிக் கம்பிக்குப் பூச்சு பூசுறோம், அத்தை. வெறுங்கம்பில வெளிச்சம் பட்டா நாலாபக்கமும் சிதறி, கம்பியக் காட்டிக்கொடுத்துரும். சரியான கனத்துல பூசிட்டா சிதறாது. கம்பி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"என்னமோ போ. மாப்ளை வரலையா?"

"லீவு கிடைக்கலை."

மாயக்காள் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் விலைக்குத் தாவினாள்.

அம்மா போனபின் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போன பவித்ரா, விவாகரத்துக்குப் பிறகு தானே வாங்கிப் போட்டுக்கொண்ட கவரிங் தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

இந்த வீட்டுக்குள் அது வேண்டியதில்லை. கேட்கத்தான் ஆளில்லையே.