வியாழக்கிழமை விளக்கு

"மூணு வியாழனா, உங்களுக்குன்னு எடுத்து வெச்ச பிஸ்கட்டையும் நானே தின்னேன், ஹார்மன்."

தீனெகே வேலிக் கதவைத் திறக்காமலே சொன்னாள். கணவர் இறந்து நாலு வருஷம். ரொட்டி வாங்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி நழுவப் பார்த்த ஹார்மன், கால்வாய்க்கு அந்தக் கரையில் தனியாக இருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக். கம்பிகளோடு பேசத் தெரிந்த அளவுக்குப் பெண்களோடு பேசத் தெரியாது.

"விளக்கு எரிஞ்சா காபிக்கு வாங்க, எரியலைன்னா வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? எரியலையே."

"வியாழன்னா மதியமே ஸ்விட்சைப் போட்டுடுவேனே, இன்னிக்கும் போட்டேன். இருட்டினா அதுவா எரியணும்."

வேலிக்கு வெளியே நட்டிருந்த அந்தச் சூரிய விளக்கு, அவள் சமையலறையிலிருந்து தெரியாது. தெருவுக்கெல்லாம் தெரியும். இருவருக்கும் முறிந்துவிட்டது என்று தெருவே பேசியது. பேச்சை ஆரம்பித்தது யார் என்பது இப்போது முக்கியமில்லை.

கால்வாயிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத அந்தி. ஹார்மன் விளக்கைப் பிடுங்கித் திருகிப் பார்த்தார்.

"பேட்டரி ஒண்ணே கால் வோல்ட்தான். இந்த பல்புக்கு மூணு வேணும்."

"அப்புறம் எப்படி எரியுமாம்?"

"உள்ளே ஒரு குட்டிக் கம்பிச் சுருள் இருக்கு. துளித்துளியா வாங்கி வெச்சுக்கிட்டு, ஒரே உதையா உதைக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நம்ம கண்ணுக்குத்தான் ஒரே வெளிச்சம்."

"நமக்கும் ஒண்ணே கால்தான் மிச்சம்," என்றாள் தீனெகே. வேலிக் கதவு எப்போது திறந்ததென்று தெரியவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்து, விளக்கை மறுபடி மண்ணில் நட்டார். அதன் தலையில் வெயில் வாங்கும் தகட்டை உள்ளங்கையால் மூடினார். இருவர் முகத்திலும் தேன் நிறத்தில் வெளிச்சம் படர்ந்தது. கையை எடுத்தார். அணைந்தது.

"இன்னும் பகல்னு நினைச்சுக்குது, பாவம். எங்கிருந்தோ இதுமேல வெளிச்சம் அடிக்குது."

இருவரும் மெல்லத் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்கள்.

ஹார்மன் அங்கே வருவது எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போன மாதம்தான் அந்தப் பளீர் விளக்கை வாங்கி என் ஜன்னலில் வைத்தேன். இப்போது அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் திரையை இழுக்கக் கையை நீட்டினேன். எங்கள் தெருவில் எந்த ஜன்னலுக்கும் திரை கிடையாது.