ஊசி இல்லாத புதன்

நர்ஸ் கிளினிக் பிரிட்ஜைத் திறந்தாள். முகத்தில் குளிர் அடிக்கவில்லை.

கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஐஸ் பைகள் தொளதொளவென்று தண்ணீராகக் கிடந்தன. தடுப்பூசி மருந்துக் குப்பிகள் மட்டும் எப்போதும்போல வரிசையாக நின்றன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

குனிந்து பின்பக்கம் பார்த்தாள். பிளக் தரையில் கிடந்தது.

பிடுங்கியது அவளேதான்.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. ஸ்டெதஸ்கோப்புக்கும் பி.பி. கருவிக்கும் சந்தனம் வைத்து, எடை பார்க்கும் மெஷினுக்குக்கூட மாலை போட்டார்கள். சரஸ்வதி படத்துக்குச் சீரியல் பல்பு போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். பக்கத்தில் வேறு பிளக் பாயின்ட் இல்லை. பத்து நிமிஷம்தானே என்று பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினாள். அப்புறம் பொரிகடலை, சுண்டல், ஊர்க்கதை. பல்பை அணைத்து ஒழுங்காகச் சுருட்டி வைத்தாள். பிரிட்ஜை மறந்துபோனாள். நேற்று விஜயதசமி, கிளினிக் விடுமுறை.

இன்று புதன். குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள்.

வெளியே பெஞ்சு நிறையத் தாய்மார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பிக்க, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

பிளக்கைச் செருகினாள். ஒன்றுமே நடக்காததுபோல் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

டாக்டர் வருவதற்குள் குளிர்ந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஊசி போட்ட இடம் வீங்கும். குழந்தை ராத்திரியெல்லாம் அழும். தாய் தூங்காமல் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். குளிர் போன மருந்து வேலை செய்யாது என்று தெரியாமல், பிள்ளைக்கு இனிப் பயமில்லை என்று நம்புவாள்.

அந்த நம்பிக்கைதான் இவளை என்னவோ செய்தது.

டாக்டர் காந்திமதிநாதனுக்கு மூக்கு நுனியில் கோபம். இவளுக்கு முன்னால் இருந்த நர்ஸைப் பஞ்சு டப்பாவை மூடாமல் போனதற்கே வீட்டுக்கு அனுப்பியவர். செருப்புத் தேய அலைந்து இவள் வாங்கிய வேலை இது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். கொஞ்சம் ஆறப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று போய் பிரிட்ஜைத் திறந்தார். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது, சார்."

அவர் குப்பிகள் அத்தனையையும் தட்டோடு எடுத்துக் கழிவுப் பெட்டிக்குள் கவிழ்த்தார். பிறகு பிளாஸ்டர் சுருளை எடுத்துக் கிழித்து, பிளக்கின் மேலும் சுவிட்சின் மேலும் காயத்துக்கு ஒட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அடுத்த வருஷம் சாமிக்கு அகல் விளக்குதான் என்று முணுமுணுத்தார்.

அப்புறம் வாசல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே இருப்பவர்களிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டுமாம்.

அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

போனாள். இன்று ஊசி கிடையாது என்றாள். மருந்து கெட்டுப்போய்விட்டது, பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி மறந்தது நான்தான் என்றாள். அடுத்த புதனுக்குள் புது மருந்து வந்துவிடும் என்றாள். கடைசிவரை சொல்லி முடித்தாள்.

பெஞ்சு முழுக்க ஒரே சத்தம். இரண்டு பஸ் மாறி வந்தவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று எழுந்தார்கள். அவள் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான்.

பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. காய்ச்சல், இருமல் என்று வந்த நோயாளிகள் சிலரும் ஒரே ஒரு தாயும்தான் மிச்சம். சின்னப் பெண், முதல் பிள்ளை போலிருக்கிறது. துண்டில் சுற்றிய குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். படி வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அடுத்த புதன் வாரேன், சிஸ்டர். நீங்க இருப்பீங்கள்லா?"

அது அவள் கையிலா இருக்கிறது? டாக்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இருப்பாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுத்த நொடியே, "காய்ச்சல்னு வந்தது யாரு? உள்ள வாங்க!" என்று அதட்டியது.