எந்த வண்டி உழைக்கும்?

இராஜாங்கம் பட்டறைக்குள் நுழைந்ததும் புகழேந்தி எழுந்து நின்றான். கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, இருந்த ஒரே நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டான். எதிர்க்கடையைப் பார்த்துக் கைகாட்டி அவருக்கு டீயும் சொன்னான்.

ஊர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். மூன்று வருடமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் நன்னிலம் போகிற சாலை முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. புகழேந்தியின் மனைவி பூவிழிக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரில் இறங்கிப் போகிற உயரமான பிக்கப் ஊரில் இராஜாங்கம் ஒருவரிடம்தான் இருந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவர் வீட்டுக்குள் இருந்தபடியே சொன்னார். நானே பார்த்துச் சரிசெய்து எடுத்துக்கொள்கிறேன் என்று புகழேந்தி ஸ்பானரும் கையுமாக நின்று கெஞ்சினான். கதவு திறக்கவில்லை.

பூவிழியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். பாலத்தை எட்டுவதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. மறுநாள் காலையில் இராஜாங்கத்தின் வண்டி, முன்பே ஏற்றி வைத்திருந்த நெல் மூட்டைகளோடு, அந்தச் சாவு வீட்டைத் தாண்டித்தான் நன்னிலம் போனது. மூட்டைகளை இறக்க மனமில்லாமல்தான் பொய் சொல்லியிருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துபோனது.

அந்த இன்ஜின் சத்தம் புகழேந்தியின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனிதர் என் கைக்கு வரமாட்டாரா என்று காத்திருந்தவன் அவன்.

இராஜாங்கம் விஷயத்துக்கு வந்தார். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுக்கப் போகிறாராம். நடுத்தர பிக்கப் எடுப்பதா, பெரிய ஹெவி பிக்கப் எடுப்பதா என்று குழப்பமாம். எதுவானாலும் பத்து வருடம் நின்று உழைக்க வேண்டுமாம்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல உன்னை விட்டா யாருக்குத் தம்பி தெரியும்? பழசை மனசுல வச்சுக்காம சொல்லு."

யாரிடமும் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகிய புகழேந்தி, அன்று கையிலிருந்த நட்டைத் திருகிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் பேசினான்.

"மீடியமே எடுங்கண்ணே. ஹெவி வண்டி, முழு லோடுல நெடுந்தூரம் ஓடுறதுக்குன்னு செஞ்சது. நீங்க களத்துலேருந்து கொள்முதல் நிலையத்துக்குக் குட்டிக் குட்டி நடைதானே அடிக்கிறீங்க? அதுக்குள்ள இன்ஜின் சூடே ஏறாது, புகை ஃபில்ட்டர் அடைச்சுக்கும். நம்ம வாய்க்கால் கரையும் அந்த வெயிட்டைத் தாங்காது."

சொல்லி முடித்துவிட்டு ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தான். இராஜாங்கம் அதைக் கவனித்தார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு, அவன் தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் அவர் மனைவி கண்ணாத்தாள் பிடித்துக்கொண்டாள். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா, பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவன் நமக்கு நல்லது சொல்வானா என்று கேட்டாள்.

இராஜாங்கம் சிரித்தார். "சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதான் போனேன். தொழில் தெரிஞ்ச எதிரி மீடியத்தை எடுன்னு சொன்னா, ஹெவிதான் உழைக்கும்னு அர்த்தம்."

கண்ணாத்தாள் பேரில் இருந்த ஆற்றங்கரை வயலை விற்றார். மாலையும் சந்தனமுமாகப் பெரிய பிக்கப் ஊருக்குள் வந்தது. வேண்டுமென்றே பட்டறை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். புகழேந்தி வெளியே வந்து, வண்டியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டான். அவன் முகம் செத்துப்போனதை இராஜாங்கம் டீக்கடையில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சில மாதத்திலேயே வண்டியில் புகை ஃபில்ட்டர் அடைத்துவிட்டதென்று மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. தஞ்சாவூர் சர்வீஸுக்குப் போகும், சுத்தம் செய்துகொண்டு வரும், மறுபடி எரியும். அடுத்த சம்பா அறுவடைக்குள் வண்டி ஊரில் நின்ற நாளைவிட சர்வீஸில் நின்ற நாள்தான் அதிகம்.

மாசி மாதம், காலம் தப்பிய மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரார் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி பாதி வழியில் இழுவை இல்லாமல் திணறியது. இராஜாங்கம் ஓரங்கட்டினார். வாய்க்கால் கரை உள்வாங்கிக்கொள்ள, வண்டி மூட்டைகளோடு தண்ணீருக்குள் சாய்ந்தது.

மழை விட்டபோது நெல் முளை விட்டிருந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் அவர் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அதன்பின் அவரை யாரும் நடைக்குக் கூப்பிடவில்லை. கண்ணாத்தாள் தான் விற்றுக்கொடுத்த வயலிலேயே நடவுக்குக் கூலிக்குப் போனாள்.

இராஜாங்கம் ஒருநாள் மத்தியானம் நடந்தே பட்டறைக்கு வந்தார். அவன் சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே நடந்துவிட்டது என்றார்.

"எம்மேல அவ்வளவு ஆத்திரத்தை வச்சுக்கிட்டு, எதுக்குடா எங்கிட்ட உண்மையைச் சொன்னே?"

"பொய் சொல்லியிருந்தா நீங்க பொழைச்சிருப்பீங்களேண்ணே."